கற்பனை விண்கப்பலுக்குப் பொறியியல் கணக்கு எழுதும் முறை

ஒரு கதையில் வரும் விண்கப்பல் உண்மையில் எப்படி இயங்கக்கூடும் என்று ஆராய்ந்து பார்ப்பது அறிவியல் புனைகதை ரசிகர்களிடம் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். ஸ்டார் ட்ரெக் தொடர் 1966-இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது; ஃபிரான்ஸ் ஜோசப் என்ற வரைவாளர், அதில் வரும் என்டர்பிரைஸ் கப்பலின் ஒவ்வொரு தளத்தையும் அறைவாரியாக வரைந்து 1975-இல் தொகுப்பாகவே வெளியிட்டுவிட்டார். படம் பார்த்துவிட்டு வந்து, அந்த எஞ்சின் எப்படி ஓடும், இந்தக் கதவு எங்கே திறக்கும் என்று பேசிக் கலைவதிலும் சுகம் உண்டு. ஆனால் பேசியதைக் கணக்கோடு எழுதிவைத்து, இன்னொருவர் அதைச் சரிபார்க்கவும் திருத்தவும் இடம் கொடுத்தால் அந்த ஊகம் பல ஆண்டுகள் நிற்கும். அப்படி எழுதுவதற்கு நானும் நாகர்கோவில் நண்பர்களும் பின்பற்றும் முறையை இங்கே விளக்குகிறேன். பிளஸ் டூ இயற்பியலும் ஒரு கால்குலேட்டரும் இதற்குப் போதும்.

குமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேலையில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் மகேந்திரகிரி. இஸ்ரோவின் விகாஸ் எஞ்சினும் கிரையோஜெனிக் எஞ்சின்களும் அங்கேதான் ஓட்டிச் சோதிக்கப்படுகின்றன. கிழக்கே கடற்கரையோரமாகப் போனால் கூடங்குளம் அணுமின் நிலையம். மேற்கே மணவாளக்குறிச்சியில் தோரியம் கலந்த மோனசைட் மணல். அதற்கும் அப்பால் குளச்சல், தேங்காய்ப்பட்டணம், தூத்தூர் என்று ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் மீனவர்களின் ஊர்கள். இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவனும், 2025 ஜனவரியில் அப்பொறுப்பை ஏற்ற வி. நாராயணனும் இந்த மாவட்டத்துக்காரர்களே. ஆகவே கற்பனைக் கப்பலுக்கு அளவுகோல் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதியை ஏற்றுக்கொள்ளுங்கள். கதைக்கு ஒரே ஒரு சலுகை கொடுங்கள். மற்ற அனைத்தும் நமக்குத் தெரிந்த இயற்பியலுக்குக் கட்டுப்படட்டும். ஒளியின் வேகத்தை மிஞ்சும் பயணம் என்பதைச் சலுகையாக எடுத்துக்கொண்டால், அதற்கு 1994-இல் மிகேல் அல்குபியேர் என்ற இயற்பியலாளர் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலுக்குள் கண்ட தீர்வைத் துணைக்கு அழைக்கலாம். அத்தீர்வு எதிர்மறை ஆற்றலைக் கேட்கிறது என்பதையும் சேர்த்தே எழுதிவிட வேண்டும். அந்தச் சலுகையைக் கொடுத்த பிறகு, தீராத எரிபொருள், சூடேறாத எஞ்சின், எடையில்லாத சுவர் என்று அடுத்தடுத்துக் கேட்கக் கூடாது. தடுக்கும் இடத்திலெல்லாம் ஓர் அற்புதத்தை நுழைத்தால் ஊகிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. எந்தச் சலுகையைக் கொடுத்தீர்கள் என்பதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலோர் இச்சலுகையை எஞ்சினுக்குத்தான் கொடுக்கிறார்கள். அது சரியான இடம் அல்ல என்பது என் கருத்து. காரணத்தைக் கீழே கணக்கோடு காட்டுகிறேன்.

சான்றுகளைத் திரட்டுதல்

கணக்குக்கு முன் சான்று வேண்டும். ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டு, திரையில் கண்ணால் கண்டதை முதல் பத்தியிலும், பாத்திரங்கள் வாயால் சொன்னதை இரண்டாவதிலும், நீங்களாக வருவித்ததை மூன்றாவதிலும் எழுதுங்கள். எந்தக் காட்சியில், எத்தனையாவது நிமிடத்தில் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. ரசிகர்களிடையே நடக்கும் வாக்குவாதங்களில் பாதிக்கு இந்தக் கலப்பே காரணம்.

கண்ணால் கண்டதும் வாயால் சொன்னதும் மோதினால் நான் கண்ணால் கண்டதன் பக்கமே சாய்வேன், ஏனென்றால் பாத்திரம் தவறாகச் சொல்லலாம், பெருமை பேசலாம், பொய்யும் சொல்லலாம். 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ஒரு கப்பலோட்டி, தன் கப்பலின் வேகத்தைப் பெருமையாகச் சொல்லும்போது 12 பார்செக் என்கிறான். பார்செக் என்பது 3.26 ஒளியாண்டுத் தொலைவு. அது நேரத்தின் அளவு அல்ல. ரசிகர்கள் இதை வெறும் பிழை என்று ஒதுக்கிவிடாமல், ஆபத்தான குறுக்குவழியில் புகுந்து தூரத்தையே குறைத்திருப்பான் என்று விளக்கம் கட்டினார்கள். 2018-இல் வந்த படம் ஏறத்தாழ அந்த விளக்கத்தையே காட்சியாக்கியது. நல்ல ஊகத்துக்குக் கிடைக்கும் மரியாதை இது.

சான்றை எவ்வளவு நெருங்கிப் பார்க்க வேண்டும் என்பதற்கு என்டர்பிரைஸின் கட்டளை மேடையைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. அரங்கத்தின் உள்ளே, கப்பல் தலைவரின் நாற்காலி பெரிய திரையை நேராகப் பார்த்தபடி இருக்கிறது. லிஃப்ட் கதவு அவருக்குப் பின்னால், நடுவில் இல்லாமல் இடப்பக்கமாக விலகி இருக்கிறது. கப்பலின் வெளிப்புற மாதிரியைப் பார்த்தால், மேடையின் கூரைக்குப் பின்னால் உருளை போன்ற ஒரு புடைப்பு சரியாக நடுக்கோட்டில் நிற்கிறது. அந்தப் புடைப்புதான் லிஃப்ட் குழாய் என்றால், மேடை முழுவதும் 36 பாகை இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அதாவது கப்பல் ஒரு திசையில் போக, மாலுமிகள் வேறொரு திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஃபிரான்ஸ் ஜோசப் தயங்காமல் அப்படியே வரைந்தார். அந்தப் புடைப்பு வேறு ஏதோ கருவி என்றும், லிஃப்ட் குழாய் கூரைக்குக் கீழேயே வளைந்து போகிறது என்றும் வாதிடுவோர் உண்டு. இரண்டு விளக்கத்துக்கும் இடம் இருக்கிறது. ஆனால் எதை எடுத்தாலும் அதன் விளைவுகளையும் ஏற்க வேண்டும்: மேடை திரும்பியிருந்தால், கப்பல் முன்புறம் அடிவாங்கும் காட்சிகளில் மாலுமிகள் நாற்காலிக்கு நேர் முன்னால் விழாமல் சாய்வாக விழ வேண்டும். அந்தக் காட்சிகளைத் தேடி எடுத்துப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.

படம் எடுக்கப்பட்ட விதத்தையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அந்தத் தொடருக்குப் பயன்பட்ட 11 அடி நீள மாதிரி இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விளக்குகளுக்கான மின்கம்பிகள் அதன் இடப்பக்கத்தின் வழியாகவே உள்ளே போனதால், கப்பலை வலப்பக்கத்திலிருந்தே படம்பிடித்தார்கள். ஆகவே இடப்பக்கத்தில் என்ன இருந்தது என்று அறுதியிட்டுச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆனால் தயாரிப்புக் காரணத்தைச் சொல்லிவிட்டதாலேயே கதைக்குள்ளான காரணத்தைச் சொல்லியாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. கப்பலை வாரந்தோறும் கோளில் இறக்கிக் காட்டச் செலவு கட்டாது என்பதால் ஆட்களை நொடியில் அனுப்பும் கருவி அக்கதையில் வந்தது. அந்த உலகத்தின் பொறியாளர் ஏன் அதை விரும்பினார் என்பது தனியான கேள்வி, நமக்கு வேண்டியது அதுதான்.

நீளம், கொள்ளளவு, எடை

அளவெடுப்பதற்குத் திரையில் தெரிந்த அளவுள்ள பொருள் ஒன்று வேண்டும். கதவு என்றால் 2 மீட்டர், மனிதர் என்றால் 1.7 மீட்டர். கப்பலைப் பக்கவாட்டில், தொலைவிலிருந்து காட்டும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். அருகிலிருந்து அகலமாக எடுத்த காட்சியில் முன்பகுதி பெருத்தும் பின்பகுதி சிறுத்தும் தெரியும். பிறகு கதவு எத்தனை திரைப்புள்ளிகள் (பிக்சல்), கப்பல் எத்தனை புள்ளிகள் என்று எண்ணி விகிதம் போடுங்கள். கதவு 10 புள்ளிகள் மட்டுமே இருந்து, எண்ணுவதில் ஒரு புள்ளி தவறினால் நீளத்தில் 10 விழுக்காடு பிழை வரும். கொள்ளளவு நீளத்தின் மும்மடியாக வளர்வதால் அங்கே அதே பிழை 33 விழுக்காடாக நிற்கும். ஆகவே எந்த எண்ணையும் ஒற்றை எண்ணாக எழுதாமல், இதிலிருந்து இதுவரை என்று எல்லை போட்டே எழுதுங்கள்.

எண்களை வாசகர் உணர வேண்டுமானால் பக்கத்தில் ஒரு நிஜப் பொருளை நிறுத்த வேண்டும். என்டர்பிரைஸின் நீளம் 289 மீட்டர் என்று வைத்துக்கொள்வது வழக்கம். கொச்சியில் கட்டப்பட்டு 2022-இல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் 262 மீட்டர். நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் விக்ராந்தில் சுமார் 1,600 பேர் இருக்க, என்டர்பிரைஸில் 430 பேர்தான். மீதி ஆட்களின் வேலையை யார் செய்கிறார்கள் என்று கேட்டால் தானியங்கிக் கருவிகளைப் பற்றிய ஒரு முழுக் கட்டுரை பிறக்கும்.

எடை எந்தக் காட்சியிலும் தெரியாது. அடர்த்தியிலிருந்து வருவிக்க வேண்டும். கப்பலை உருளை, கூம்பு, தட்டு என்று எளிய வடிவங்களாக உடைத்துக் கொள்ளளவைக் கூட்டுங்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 420 டன் எடையும், காற்றடைத்த உட்பகுதி ஏறத்தாழ 1,000 கன மீட்டரும் கொண்டது. ஆக, கன மீட்டருக்கு 0.4 டன். நீர்மூழ்கிக் கப்பல் தண்ணீருக்குள் மிதந்து நிற்க வேண்டியிருப்பதால் கன மீட்டருக்கு ஒரு டன்னை ஒட்டியே வரும். இந்த இரண்டையும் கீழெல்லையாகவும் மேலெல்லையாகவும் கொள்ளலாம். 200 மீட்டர் நீளமும் 30 மீட்டர் விட்டமும் உள்ள உருளை வடிவக் கப்பல் என்றால் கொள்ளளவு சுமார் 1,41,000 கன மீட்டர்; எடை 56,000 டன்னிலிருந்து 1,41,000 டன் வரை. இனி வரும் கணக்குகளுக்கு இந்தக் கப்பலையே, 50,000 டன் என்று கொஞ்சம் இறக்கிவைத்து எடுத்துக்கொள்கிறேன்.

எடை போட்டபின், இந்தக் கப்பல் எத்தனை நாள் வெளியே தங்க வேண்டும் என்று கேளுங்கள். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பாக வரும். காலையில் போய் மாலையில் திரும்பும் வள்ளத்துக்கு வலையும் ஆளும் போதும். லட்சத்தீவுக்கு அப்பால் போய் வாரக்கணக்கில் தங்கும் படகின் வயிற்றில் பெரும்பகுதியை டீசலும் ஐஸும் தண்ணீரும் மீன் வைக்கும் அறையும் எடுத்துக்கொள்கின்றன, ஆள் படுக்க மிஞ்சுவது கொஞ்ச இடம். கதையில் ஐந்தாண்டுப் பயணம் என்று சொல்லிவிட்டு, கப்பலின் உட்பகுதி முழுவதையும் அகலமான நடைபாதையாகவும் உணவுக்கூடமாகவும் காட்டினால், சேமிப்பு எங்கே என்ற கேள்வியை ரசிகர் கேட்டே ஆக வேண்டும். உங்கள் வரைபடத்தில் முதலில் சேமிப்பு அறைகளைப் போடுங்கள். மனிதர்களுக்கான அறைகள் பிறகு வரட்டும்.

வெப்பம்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் கற்பனைக் கப்பல்களின் தோற்றத்தை எஞ்சினைவிட அதிகமாக முடிவு செய்ய வேண்டியது வெப்பம்தான். அதையே எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

கூடங்குளத்தில் ஓர் அலகு 1,000 மெகாவாட் மின்சாரம் தருகிறது. அதற்கு உலையில் பிறக்கும் வெப்பம் சுமார் 3,000 மெகாவாட். மீதி 2,000 மெகாவாட் கடல்நீரோடு போய்விடுகிறது. அந்த நிலையம் கடற்கரையில் இருப்பதற்கு அந்தத் தண்ணீர் முக்கியமான காரணம். விண்வெளியில் கடல் இல்லை, காற்றும் இல்லை. வெற்றிடம் குளிர்ச்சியானது, ஆகவே கப்பல் தானாகவே குளிர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வெப்பத்தை ஏந்திச் செல்ல அங்கே எந்தப் பொருளும் இல்லாததால், கதிர்வீச்சாக உமிழ்வது ஒன்றே வழி. அதற்காகவே பன்னாட்டு விண்வெளி நிலையம் அம்மோனியா ஓடும் அகன்ற ரேடியேட்டர் பலகைகளை விரித்துவைத்திருக்கிறது. அவற்றால் வெளியேற்ற முடிவது 70 கிலோவாட் அளவுதான்.

ஒரு சதுர மீட்டர் பரப்பு வீசும் ஆற்றல் அதன் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. மிகச் சிறந்த கரும்பரப்பு என்று வைத்துக்கொண்டால், 300 கெல்வினில், அதாவது நம் ஊர் வெயில்நேர வெப்பத்தில், சதுர மீட்டருக்கு 459 வாட் கிடைக்கும். 1,000 கெல்வினில் 56.7 கிலோவாட், 1,500 கெல்வினில் 287 கிலோவாட். பலகைக்கு இரண்டு பக்கமும் உண்டு என்பதால் இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். இப்போது கூடங்குளத்தின் ஓர் அலகைத் தூக்கி விண்வெளியில் வையுங்கள். 300 கெல்வின் ரேடியேட்டர் என்றால் 2,000 மெகாவாட்டை வெளியேற்ற ஏறத்தாழ 540 ஏக்கர் பலகை வேண்டும். 1,000 கெல்வின் என்றால் 436 சென்ட், நாலரை ஏக்கருக்கும் சற்றுக் குறைவு, போதும். அப்படியானால் எல்லாவற்றையும் சூடாகவே ஓட்டலாமே என்று தோன்றும். அதற்கு வேறு விலை உண்டு: உலை 1,500 கெல்வினிலும் ரேடியேட்டர் 1,000 கெல்வினிலும் இருந்தால், எவ்வளவு திறமையாகக் கட்டினாலும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரமாகாது. பரப்பா, திறனா என்று பொறியாளர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மனிதர் வாழும் அறைகளின் வெப்பத்தை வெளியேற்றத் தனியாக ஒரு குளிர்ந்த சுற்றும் வேண்டும். ஆகவே உண்மையான கப்பலில் செந்தணலாக ஒளிரும் சிறிய பலகைகளும், ஒளிராத பெரிய பலகைகளும் என்று இரண்டு வகை இருக்கும்.

இனி நம் 50,000 டன் கப்பலுக்கு வருவோம். திரையில் காட்டுவதுபோல் அது பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் பாய்கிறது என்றும், எஞ்சின் தன் எரிபொருளை ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கான நொடிக்கு 3,000 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளுகிறது என்றும் கொள்வோம். உந்துவிசையை அந்த வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் எஞ்சினின் திறன் கிடைக்கும்: சுமார் 735 டெராவாட் (ஒரு டெராவாட் என்பது பத்து லட்சம் மெகாவாட்). அதில் நூற்றுக்கு ஒரு பங்குதான் கப்பலுக்குள் வெப்பமாகத் தங்குகிறது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் 7.35 டெராவாட். 1,500 கெல்வினில் இரு பக்கமும் ஒளிரும் பலகைகளைக் கொண்டு அதை வெளியேற்ற 12.8 சதுர கிலோமீட்டர் வேண்டும். கப்பலின் உருளைப் பரப்பு முழுவதும் சேர்ந்தே 0.019 சதுர கிலோமீட்டர்தான். தன் உடம்பைப் போல் 680 மடங்கு பரப்பைச் சுமக்கும் கப்பலை யாரும் திரையில் காட்டியதில்லை.

முடுக்கத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 12,800 சதுர மீட்டர் போதும். அது கட்டக்கூடிய அளவு. அப்போது ஓர் ஆண்டு இடைவிடாமல் எஞ்சின் ஓடினாலும் வேகம் நொடிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டியே கூடும். கோள்களுக்கு இடையே ஓடும் கதைக்கு அது தாராளம். விண்மீன்களுக்கு இடையே ஓடும் கதைக்கு அது ஒளியின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. இதனால்தான் அந்த ஒற்றைச் சலுகையை எஞ்சினுக்குக் கொடுக்காமல் வெப்பத்துக்குக் கொடுங்கள் என்கிறேன். எஞ்சினுக்குள் மிஞ்சும் வெப்பத்தை வேறெங்கோ கடத்தும் ஒரு வழி இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொண்டால், மீதிக் கப்பலை நேர்மையான கணக்கிலேயே எழுதிவிட முடிகிறது. எஞ்சினுக்குச் சலுகை கொடுத்தாலோ, அதிகத் திறன் கிடைக்கக் கிடைக்க வெப்பம் இன்னும் மோசமாகிறது.

2001: எ ஸ்பேஸ் ஒடிசி படத்தின் கப்பலுக்கு ஆரம்ப வரைவுகளில் பெரிய ரேடியேட்டர்கள் இருந்தன, பார்ப்பவர்கள் அவற்றைச் சிறகுகள் என்று நினைத்துவிடுவார்கள் என்று நீக்கிவிட்டார்கள். 2009-இல் வந்த அவதார் படத்தின் கப்பலில் செந்தணலாக ஒளிரும் பலகைகளைத் துணிந்து காட்டினார்கள், பார்வையாளர்களும் ஏற்றுக்கொண்டார்கள். என்டர்பிரைஸின் வடிவமைப்பாளர் மேட் ஜெஃப்ரிஸ், அத்தனை வலிமையான எஞ்சின்களின் பக்கத்தில் மனிதர் இருக்கக் கூடாது என்று எண்ணி அவற்றை உடலிலிருந்து விலக்கி, தூண்களின்மேல் வைத்தார். கதிர்வீச்சு தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால் அது வெறும் அழகுக்காகச் செய்ததாக ஆகவில்லை. அந்த நீண்ட உருளைகளே ரேடியேட்டராகவும் பயன்படக்கூடும் என்று வாதிடலாம். பரப்பைக் கணக்கிட்டு எழுதினால் அது நல்ல கட்டுரையாகும்.

எஞ்சினும் எரிபொருளும்

ராக்கெட்டின் வேகக் கூடுதலுக்கும் எரிபொருளின் அளவுக்கும் உள்ள உறவை ரஷ்ய அறிவியலாளர் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்டார். நமக்கு அதில் வேண்டியது இவ்வளவுதான்: வேண்டிய வேகம் வெளியேறும் வாயுவின் வேகத்துக்குச் சமமானால், புறப்படும் எடை போய்ச் சேரும் எடையைப்போல் 2.72 மடங்கு, மும்மடங்கு வேகம் வேண்டுமானால் 20 மடங்கு, பத்து மடங்கு வேண்டுமானால் 22,000 மடங்கு. மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் சி.இ. 20 கிரையோஜெனிக் எஞ்சினில் வாயு வெளியேறும் வேகம் நொடிக்குச் சுமார் 4.3 கிலோமீட்டர். அதை வைத்து நொடிக்கு 43 கிலோமீட்டர் கூட்ட வேண்டுமானால், ஒரு டன் கப்பலுக்கு 22,000 டன் புறப்பட வேண்டும். வேதி எரிபொருளில் விண்மீனுக்குப் போக முடியாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மணவாளக்குறிச்சி மணலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தோரியம் கப்பல் என்ற எண்ணம் இயல்பாக வரும், எனக்கும் அந்த எண்ணத்தின்மேல் பற்று உண்டு. தோரியம் தானாகப் பிளவுபடாது. நியூட்ரானை உட்கொண்டு யுரேனியம் 233 ஆக மாறியபின் பிளவுபடும். ஆகவே கப்பலில் அதற்கான உலையும் பிரித்தெடுக்கும் கூடமும் வேண்டும். இப்படிப் பிளவுபடும் அணுப்பொருள் ஒரு கிலோ முழுவதும் பிளந்தால் ஏறத்தாழ 80 லட்சம் கோடி ஜூல் கிடைக்கும். அது முழுவதும் வெளியேறும் பொருளின் வேகமாகவே மாறுகிறது என்று கொண்டாலும், அந்த வேகம் ஒளியின் வேகத்தில் 4.2 விழுக்காட்டைத் தாண்டாது. கப்பலை ஒளியின் வேகத்தில் 10 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக எடை விகிதம் 10.8. பரவாயில்லை என்று தோன்றுகிறது. ஆனால் கதையில் கப்பல் போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்க வேண்டுமானால் அதே வேகத்தைத் திரும்பக் குறைக்க வேண்டும்; அப்போது விகிதம் இரட்டிப்பாகாது, தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு 117 ஆகிவிடும். பிரிட்டிஷ் கோள்களிடைக் கழகம் 1973 முதல் 1978 வரை வகுத்த டெடலஸ் திட்டத்தில், 54,000 டன் கலத்தில் 50,000 டன் எரிபொருளாக இருந்தும், ஒளியின் வேகத்தில் 12 விழுக்காட்டை எட்டி, பர்னார்டு விண்மீனை நிற்காமல் கடந்து போவதாகத்தான் எழுதினார்கள். அதுவும் ஆளில்லாத கலம்.

எரிபொருளை எங்கே வைப்பது என்பதையும் காட்ட வேண்டும். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 பாகை செல்சியஸில் இருக்க வேண்டியது, ஒரு கன மீட்டர் 71 கிலோதான் எடை. 10,000 டன் வைக்க 65 மீட்டர் விட்டமுள்ள கோளம் வேண்டும்; கன்னியாகுமரியில் பீடத்தோடு 133 அடி நிற்கும் திருவள்ளுவர் சிலையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் உயரம். திரையில் அப்படிப்பட்ட தொட்டி எங்கும் தெரியவில்லை என்றால், எரிபொருள் ஹைட்ரஜன் அல்ல என்றோ, வழியில் நிரப்பிக்கொள்கிறார்கள் என்றோ நீங்கள் முடிவு செய்யலாம். இரண்டுமே கதையைப் பற்றிப் புதிதாக ஒன்றைச் சொல்கின்றன.

எஞ்சின்கள் எங்கே பொருத்தப்பட்டுள்ளன என்பதையும் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிடுங்கள். உந்துவிசையின் கோடு நிறை மையத்தின் வழியாகப் போகாவிட்டால் கப்பல் முன்னே போகாமல் குட்டிக்கரணம் அடிக்கும்.

ஈர்ப்பும் தூசியும்

எஞ்சின் ஓடும்போது கப்பலின் பின்புறமே தரையாகும். தளங்கள் பலமாடிக் கட்டடத்தில் இருப்பதைப் போல உந்துவிசைக்குக் குறுக்காக அடுக்கப்பட வேண்டும். எஞ்சின் நின்றபின் ஈர்ப்பு வேண்டுமானால் சுழல வேண்டும். நிமிடத்துக்கு 2 சுற்றுக்கு மேல் போகாமல் பூமியின் ஈர்ப்பைப் பெற ஆரம் 224 மீட்டர் வேண்டும். 2001 படத்துக்காகக் கட்டிய சுழலும் அரங்கத்தின் விட்டம் 38 அடி. அதில் சந்திரனின் ஈர்ப்பு கிடைக்கவே நிமிடத்துக்கு 5 சுற்று வேண்டும், நிற்பவரின் தலையில் ஈர்ப்பு பாதத்தில் உள்ளதைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைந்திருக்கும்.

ஒளியின் வேகத்தில் 10 விழுக்காட்டில் போகும் கப்பலின்மேல் ஒரு மில்லிகிராம் தூசி மோதினால் அது 100 கிலோ டி.என்.டி. வெடிமருந்து வெடிப்பதற்குச் சமம். முன்புறக் கவசம் எங்கே என்று கட்டாயம் எழுதுங்கள். முன்புறத்தில் பெரிய கண்ணாடிச் சன்னல் உள்ள கப்பலை இந்தக் கணக்கு விட்டுவைக்காது.

எழுதி முடிக்கும்போது

கணக்குகளை முழுமையாக, அலகுகளோடு எழுதுங்கள். முடிவை மட்டும் கொடுத்தால் வாசகர் நம்ப வேண்டியிருக்கும். படிகளைக் கொடுத்தால் அவர் சரிபார்ப்பார். ஒவ்வொரு ஊகத்தின் கீழும், எந்தக் காட்சி கிடைத்தால் இது விழும் என்று ஒரு வரி சேருங்கள். பிறகு நீங்கள் கொண்ட எடையைப் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். மூன்று முறையும் ஒரே முடிவு வந்தால் அதைத் துணிந்து எழுதலாம். எடை மாறியதும் முடிவும் மாறினால், அந்த முடிவு எடையைப் பற்றியதே தவிரக் கப்பலைப் பற்றியது அல்ல, அதை விட்டுவிடுங்கள்.

முடித்ததை, அந்தக் கதையைப் பார்க்காத ஒரு பொறியாளரிடமும், பொறியியல் தெரியாத ஒரு தீவிர ரசிகரிடமும் படிக்கக் கொடுங்கள். முதலாமவர் கணக்கில் கை வைப்பார், இரண்டாமவர் சான்றில் கை வைப்பார். புதிய பகுதி வெளிவந்து உங்கள் விளக்கத்தோடு மோதினால் பழைய கட்டுரையை அழிக்காதீர்கள். எழுதிய தேதியோடு அப்படியே வைத்துவிட்டு, எந்தக் காட்சியால் எந்த எண் மாறியது என்பதைக் கீழே குறித்து, அந்த எண்ணைச் சார்ந்த கணக்குகளை மட்டும் புதிதாகப் போடுங்கள்.